நான் ஓட்டிவிட்ட பதினொரு செக்கன்

தம்பி,

நீ இங்கிலாந்துக்கு விமானம் ஏற இன்னும் நாலு நாள் இருக்கிறது. அதற்குள் உன் அம்மா உன் பெட்டியை மூன்று தடவை அடுக்கி மூன்று தடவை கலைத்துவிட்டார். மிளகாய்த்தூள் பையை எந்த உடுப்புக்குள் சுற்றி வைப்பது என்பதில் எங்கள் இருவருக்கும் இடையே நடக்கும் விவாதம் இன்னும் முடியவில்லை. அந்தச் சண்டையிலிருந்து தப்பி, கராஜுக்குள் உன்னுடைய ஆடுகிற கதிரையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கு முன்னால் நான் வாயைத் திறந்தால் ஒன்றில் பகிடி வரும், இல்லாவிட்டால் கட்டளை வரும். எழுதினால் இரண்டும் கொஞ்சம் குறையும் என்று ஒரு நம்பிக்கை.

இதைத் தமிழ்ப் பாடசாலை ஆண்டு மலரில் போடக் கொடுக்கப்போகிறேன். உடனே முகத்தைச் சுழிக்காதே. பெற்றோர் பக்கத்துக்குப் 'பிள்ளைகளின் முன்னேற்றம்' பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். எனக்கு முன்னேற்றத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் விட்ட ஒரு பிழையைப் பற்றித்தான் தெரியும். அந்தப் பிழையை ஆட்களுக்கு முன்னால்தான் விட்டேன். ஆகவே ஒப்புக்கொள்வதும் ஆட்களுக்கு முன்னால் இருக்கட்டும். உன் பெயரைப் போடவில்லை. என் பெயரையும் போடவில்லை. எங்கள் பென்டில் ஹில் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போகும் ஒவ்வொரு தமிழருக்கும் இது யார் வீட்டுக் கதை என்று தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.

முதலில் நம் வீட்டு ரிமோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அது என்றைக்கும் என் கையில்தான் இருக்கும். குடும்பமாக இருந்து படம் பார்க்கும்போது நான் படம் பார்ப்பதில்லை, காவல் பார்ப்பேன். கதாநாயகனும் கதாநாயகியும் ஒரு மரத்தை நோக்கி மெல்ல நடக்கத் தொடங்கினாலே என் பெருவிரல் எழுந்துவிடும். இரண்டு முகங்கள் நெருங்கினால் போதும், படம் பறக்கும். டிவிடி இல்லாமல் தொலைக்காட்சியில் வந்தால் சனல் மாறும், செய்தி ஓடும், கிரிக்கெட் ஓடும், சமையல் நிகழ்ச்சி ஓடும். அதற்கிடையில் அம்மா தண்ணீர் குடிக்க எழும்புவார். அக்கா தன் நகத்தைப் பார்ப்பாள். நீ கூரையைப் பார்ப்பாய். பத்துப் பதினைந்து செக்கன் கழித்து நாலு பேரும் ஒன்றும் நடக்காதவர்கள் மாதிரிக் கதைக்குத் திரும்புவோம். ஒருமுறை அக்கா அப்பாவியாகக் கேட்டாள், "அப்பா, இவை எப்ப கலியாணம் கட்டினவை?" என்று. நான் ஓட்டிவிட்ட துண்டுக்குள் கட்டியிருந்தார்கள். எத்தனை படங்களின் கதை உங்கள் இருவருக்கும் அரைகுறையாகத் தெரியும் என்பதற்குக் கணக்கில்லை. என்னுடைய வீட்டில் நான் வளர்ந்ததும் அப்படித்தான். என் அப்பா அம்மாவின் கையைப் பிடித்ததை நான் கண்டதில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் மறைக்கவேண்டியது அன்பு என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகவே அப்படி விளங்கிக்கொண்டேன்.

இனி 2009க்கு வருகிறேன். அந்த ஆண்டின் முதல் மாதங்கள் நம் வீட்டில் எப்படிப் போயின என்று உனக்கு விளக்கத் தேவையில்லை, ஆனால் வாசிக்கிறவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள். அம்மாவின் தம்பி, உன் மாமா, பெண்சாதி பிள்ளைகளோடு, போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் இருந்தார். தொலைபேசி இல்லை. யாரிடம் கேட்டாலும் தெரியாது. விடிந்தால் செய்தி, பொழுதுபட்டால் செய்தி. கணினியில் ஒன்று, தொலைக்காட்சியில் ஒன்று. அம்மா சமைப்பார், எங்களுக்குப் போடுவார், தன்னுடைய சோற்றுக் கோப்பையைத் தொடமாட்டார். எலும்பும் தோலுமாகிக்கொண்டு வந்தார். நான் ரயில் நிலையத்தில் வேலை முடித்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். இன்றைக்கும் தகவல் இல்லை என்று அந்த முகத்திலேயே தெரிந்துவிடும். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. யூனியில் கணக்கியல் முதலாம் ஆண்டு. வீட்டுக்குள் பேச்சே இல்லாத அந்த நாட்களில் ஒரு பின்னேரம் பரமட்டா நூலகத்திலிருந்து ஒரு டிவிடி கொண்டு வந்து, என்னைக் கேட்காமலே போட்டாய்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "இந்த வீட்டில இப்ப சிரிப்புப் படமோ? உனக்கு மண்டை கழண்டு போச்சோ?" என்று கத்தினேன். நீ திருப்பிக் கத்தவில்லை. "அம்மா சாப்பிடேக்க மட்டும் அப்பா. இருபது நிமிசம். பிறகு நியூஸ் போடலாம்," என்றாய். அம்மாவின் மடியில் சோற்றுக் கோப்பையை நீயே கொண்டு வந்து வைத்தாய். அதனால்தான் நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு, பழக்கதோஷத்தில் ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு இருந்தேன்.

அது வெள்ளைக்காரர்கள் களிமண்ணில் ஆட்களைச் செய்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அசைத்து எடுத்த படம். "களிமண் இல்லை அப்பா, பிளாஸ்டிசின்," என்று நீ நாற்பது தரம் திருத்தியிருக்கிறாய். நான் களிமண் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இங்கிலாந்தில் மழை விடாத ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு ரயில் நிலையம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ரயில். மேடையில் தேநீர்க் கடை நடத்தும் இரண்டு வயதான சகோதரிகள். டிக்கெட் எடுத்துவிட்டு அந்த ரயிலைப் பிடிக்க முயலும் ஓர் ஆமை. இவ்வளவுதான் கதை. ஆமை மேடையின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வருவதற்குள் ரயில் போய்விடும். ஒவ்வொரு தரமும் அதற்கு ஒரு புதுத் திட்டம் இருக்கும், ஒவ்வொரு தரமும் பாழாகும். சகோதரிகள் இருவரும் நேராகப் பேசிக்கொள்ளமாட்டார்கள். கோபமென்றாலும், கவலையென்றாலும், மன்னிப்பென்றாலும் ஒரு சொல்தான், "தேத்தண்ணி?" என்பது.

அன்றைய கதையில் ஆமை ஒருவழியாக நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. ரயில் நின்றது. கதவு திறந்தது. ஆமை பெருமையாகக் கழுத்தை நீட்டி டிக்கெட்டைக் காட்டியது. டிக்கெட்டில் நேற்றைய திகதி. ஆமை டிக்கெட்டைப் பார்த்தது, ரயிலைப் பார்த்தது, பிறகு எங்களைப் பார்த்தது. ஒரு சொல் பேசாமல் மெல்லத் திரும்பித் தேநீர்க் கடைக்கு நடந்தது. அம்மா வாய்க்குக் கொண்டுபோன சோற்றுக் கவளத்தை அப்படியே நிறுத்தி, பிறகு சிரித்தார். சத்தமாகச் சிரித்தார். உடனே வெட்கப்பட்டு வாயைப் பொத்தினார், பொத்தியபடியே இன்னும் சிரித்தார். நானும் அக்காவும் நீயும் படத்தைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அம்மா இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, "அந்த ஸ்டேசன் மாஸ்டர் விசில் ஊதினது பிழை, கதவு மூடினாப் பிறகுதான் ஊதவேணும்," என்று சொன்னேன். இருபது வருடம் மேடையில் நின்றவன் வேறு என்னத்தைச் சொல்வான்?

பிறகு நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன், ஏன் அந்தப் படங்கள் எங்களுக்கு அவ்வளவு பிடித்தன என்று. முதல் காரணம் வெட்கமான காரணம்: நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அது கதிரைக்குக் கீழே கிடந்ததைக் கண்டேன். காவல் வேலை இல்லாமல் குடும்பத்தோடு இருந்து படம் பார்ப்பது எவ்வளவு சுகம் என்று எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்தது, யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆமைக்கு ஆங்கிலம் வராது, அம்மாவுக்கும் அவ்வளவாக வராது. இருவரும் நன்றாக விளங்கிக்கொண்டார்கள். அக்கா சிரித்த இடம் ஒன்று, நான் சிரித்த இடம் வேறொன்று, ஆனால் ஒருவர் சிரிக்கும்போது மற்றவருக்கு முகம் சுருங்கவில்லை. யாரும் சாகவில்லை. மேலேயிருந்து விழுந்தவன் தட்டையாகி, உதறிக்கொண்டு எழும்பினான். அந்த நாட்களில் செய்தியைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்கும்போது, விழுந்தவன் எழும்புவதைப் பார்ப்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. இவ்வளவு காலம் வெள்ளைக்காரர் எதையும் பட்டென்று சொல்லிவிடுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், நாங்கள்தான் எல்லாவற்றையும் விழுங்குகிற ஆட்கள் என்று நினைத்திருந்தேன். அந்தக் களிமண் சகோதரிகள் அச்சொட்டாக எங்கள் ஆட்கள். 'உன்னில் எனக்கு இரக்கம்' என்று சொல்ல வாய் வராது, கேத்திலை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அம்மா சொன்னார், "உவை யாழ்ப்பாணத்து ஆக்கள்தான், வெள்ளைத் தோல் போட்டிருக்கினம்" என்று.

நீதான் எங்களுக்கு ஒரு விரல் அடையாளத்தைக் காட்டினாய். படத்தை நிறுத்தி, ஆமையின் கன்னத்தில் யாரோ ஒருவருடைய கைரேகை பதிந்திருப்பதைக் காட்டினாய். "ஒவ்வொரு அசைவுக்கும் ஆரோ கையால தொட்டிருக்கினம் அப்பா. ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு தரம்," என்றாய். நான், "வேலை வெட்டி இல்லாத ஆக்கள்," என்றேன். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஏனென்றால் அந்த நிமிடத்திலேயே உன் முகத்தைப் பார்த்து நான் பயந்திருக்கவேண்டும்.

மாமாவிடமிருந்து தகவல் வந்தது. அகதி முகாமிலிருந்து, வேறொருவர் மூலமாக, பிள்ளைகளோடு உயிரோடு இருக்கிறோம் என்று. அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு நிலத்திலேயே இருந்துவிட்டார். அதன்பிறகு வீடு மெல்ல மெல்ல வீடானது. நூலகத்து டிவிடியைத் திருப்பிக் கொடுத்துத் திருப்பி எடுத்து, கடைசியில் அங்கே இருந்த பெண்மணி உன்னைக் கண்டவுடனே அதை எடுத்து மேசையில் வைக்கத் தொடங்கிவிட்டாராம். நாங்கள் எல்லோரும் அதோடு விட்டுவிட்டோம். நீ விடவில்லை. கராஜில் ஒரு பழைய மேசையைப் போட்டு, கறுப்புத் துணி கட்டி, கம்பியில் எலும்பு செய்து அதன்மேல் களிமண்ணை அப்பி ஆட்களைச் செய்யத் தொடங்கினாய். ஜனவரி வெயிலில் கராஜ் கொதிக்க, உன் ஆட்கள் ஒவ்வொருவராகக் குனிந்து மண்டியிட்டார்கள். நீ அவர்களைக் கொண்டுபோய்ப் பிரிட்ஜில் வைத்தாய். "சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில ஒரு மனிசன் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்," என்று அம்மா அலறியது நினைவிருக்கிறதா? நான் ஒருநாள் புல்லு வெட்டும் மெஷினை எடுக்கக் கராஜ் கதவைத் திறந்து வெயிலை உள்ளே விட்டு, உன்னுடைய ஒரு முழுநாள் வேலையைப் பாழாக்கினேன். "புல்லு வளந்திட்டுது, நான் என்ன செய்ய?" என்று உன்னையே ஏசினேன். அதற்கு அடுத்த கிழமை கதவில் ஒரு தாளைத் தொங்கவிட்டாய், 'உள்ளே ஆட்கள் நடக்கிறார்கள்' என்று.

2011இல் நீ கணக்கியலை விட்டுவிட்டேன் என்று சொன்னபோது நான் மூன்று நாள் உன்னோடு கதைக்கவில்லை. அதைவிட மோசமானது, பிறகு நான் கதைத்தது. கடைத்தெருவில், கோயிலில், யார் "மகன் என்ன செய்யிறார்?" என்று கேட்டாலும், "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். பொய்யில்லை, உன்னிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பகலில் போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்து, பின்னேரம் கராஜில் ஆட்களை அசைத்து, ஒன்றரை வருடத்தில் ஆறு நிமிடப் படம் ஒன்றை எடுத்து முடித்தாய். உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். படம் முடிந்துவிட்டது என்று நீ அம்மாவிடம் சொன்னதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. அதனால்தான் பக்கத்து வீதி அங்கிளையும் அன்ரியையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். உன்னைக் காட்டத்தான் கூப்பிட்டேன். அந்தக் கெட்டித்தனம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அங்கிளும் அன்ரியும் பெரிய கதிரைகளில். அக்கா கலியாணம் முடித்து மெல்பேர்னுக்குப் போய்விட்டாள். அம்மா குசினிக்குள் வடை பொரித்துக்கொண்டு, "போடுங்கோ, இஞ்ச இருந்து கேக்குது," என்றார். நீ சுவரோடு நின்றாய், இருக்கவில்லை. படம் தொடங்கியது. ஒரு சின்ன வீடு, அதற்குள் ஒரு களிமண் மனிதன், ஒரு களிமண் மனுசி, வீடு முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும் தொலைபேசிகள். மனிதன் ஒன்றைப் பிடிக்கப் போக மற்றது அடிக்கும். அலுமாரிக்குள் ஒன்று, சாப்பிட வெட்டிய பாணுக்குள் ஒன்று. அங்கிள் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். பிறகு தொலைபேசிகள் எல்லாம் ஓய்ந்தன. மனுசி குசினிக்குள் கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றாள். மனிதன் மெல்ல நடந்து வந்தான். அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். முகத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

என் பெருவிரல் யாரையும் கேட்கவில்லை. படம் பறந்தது. நான் விரலை எடுத்தபோது மனிதனும் மனுசியும் விலகி நின்றார்கள், பெயர்கள் வரத் தொடங்கின. அன்ரி தன் காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்ன செய்தனீங்கள்?" என்றாய்.

"உதெல்லாம் ஏன் போட்டனீ? ஆக்கள் இருக்கினம்," என்றேன். மெல்லத்தான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்டது.

"அது பதினொரு செக்கன் அப்பா. எடுக்க ஃபைவ் வீக்ஸ்." அவ்வளவுதான் சொன்னாய். டிவிடியை வெளியே எடுத்தாய், உறைக்குள் போட்டாய், செருப்பை மாட்டினாய். அம்மா வடைத் தட்டோடு வெளியே வந்தபோது வாசல் கதவு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஏழு மாதம். நீ நண்பர்களோடு நியூடவுனில் அறை எடுத்தாய். என்னுடைய ஷிப்ட் நேரங்கள் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். நான் இல்லாத நேரம் பார்த்து வந்து, அம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவாய். நான் வந்து பார்க்கும்போது கழுவிக் கவிழ்த்த கோப்பை ஒன்று கூடுதலாக இருக்கும். அதைக் கண்டால் ஒரு நிம்மதியும் வரும், கோபமும் வரும். ஒரு முத்தத்துக்காக இவ்வளவு கொதிப்பா என்று அம்மாவிடம் ஏசினேன். அம்மாவும் அந்தக் காட்சியைக் காணவில்லை, அந்த நேரம் வடை பொரித்துக்கொண்டிருந்தார். தம்பி, உனக்கு ஒரு புத்தி சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன்: கோபத்தில் பேசாமல் இருப்பதை என்னிடமிருந்து நீ நன்றாகப் பழகிவிட்டாய், அதை இங்கேயே விட்டுவிட்டுப் போ. மூன்று நாள் பேசாமல் இருந்தவனுக்கு ஏழு மாதம் பேசாத மகன் பிறந்தான். உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அது எத்தனை வருடம் இழுக்குமோ தெரியாது.

கடைசியில் மெல்பேர்னிலிருந்து அக்காதான் தொலைபேசி எடுத்தாள். வழக்கமாக முதலில் சுகம் விசாரிப்பாள், அன்றைக்கு அதுவும் இல்லை. "அப்பா, தம்பிக்கு இங்கிலாந்தில வேலை கிடைச்சிட்டுது. களிமண் படம் எடுக்கிற இடத்தில. அடுத்த மாசம் போறான். உங்களிட்டைச் சொல்லவேண்டாம் எண்டு அம்மாவிட்டைச் சொல்லியிருக்கிறான்." சொல்லாமலே போய்விடுவாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓர் ஊரைவிட்டுச் சொல்லாமல் வந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். திரும்பிப் போய்ச் சொல்ல நினைக்கும்போது ஆள் இருக்கமாட்டார். "நீங்க ஓட்டிவிட்ட இடத்தில என்ன இருந்தது எண்டு தெரியுமோ?" என்று அக்கா கேட்டாள். "தெரியும்," என்றேன். "தெரியாது. சனிக்கிழமை பரமட்டாவில சின்னப் பிள்ளையளுக்குப் படம் காட்டீனம், அவன்ரையும் இருக்கு. போய்ப் பாருங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

போனோம். அம்மா சின்னப் பிள்ளைகளின் படத்துக்குக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்தார். மண்டபம் முழுக்கப் பிள்ளைகள், நிலத்தில் மெத்தைகளில் உருண்டுகொண்டிருந்தார்கள். தாய்தகப்பன்மார் சுவரோரக் கதிரைகளில். எல்லா நாட்டு ஆட்களும் இருந்தார்கள். நாங்கள் கடைசி வரிசையில் ஒளிந்துகொண்டோம். நீ முன்னுக்கு யாரோடோ வயர் இழுத்துக்கொண்டிருந்தாய், எங்களைக் காணவில்லை. எனக்கு என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அவற்றை முழங்காலுக்கு அடியில் வைத்து அமத்திக்கொண்டேன். உன் படம் மூன்றாவதாக வந்தது. தொலைபேசிகள் அடித்தன, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஓய்ந்தன. மனுசி தொட்டிக்கு முன்னால் நின்றாள். மனிதன் வந்து நாடியைப் பிடித்தான். முகத்தைக் கிட்டக் கொண்டுபோனான். பெருவிரலால் அவளுடைய கீழ் இமையை மெல்ல இழுத்தான். கண்ணுக்குள் ஊதினான். கொஞ்சம் நின்று பார்த்தான். மற்றக் கண்ணையும் இழுத்து, அதற்குள்ளும் ஊதினான்.

மெத்தையில் இருந்த ஒரு சின்னப் பெண் சத்தமாகத் தாயிடம் கேட்டாள், அவளுடைய கண்ணுக்குள் என்ன என்று. தாய் பதில் சொல்லுமுன் அவளே, "ஒன்றும் இல்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டு தொடர்ந்து பார்த்தாள்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடி, "உவன் எப்ப பாத்தவன்?" என்று மட்டும் கேட்டார்.

மலரில் வாசிக்கிறவர்களுக்காக இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த 2009இல் நீங்கள் இருவரும் ஹோலில் ஆமைப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா கோப்பை கழுவுகிறேன் என்று குசினிக்குள் போவார். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவார். நான் பின்னால் போவேன். கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதன் நான், கை அப்படிப் போகாது. அதனால் "இஞ்ச திரும்பும், கண்ணுக்குள்ள தூசு கிடக்கு, காட்டும் பாப்பம்," என்பேன். தூசு இல்லை என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். இமையை இழுத்து ஊதுவேன். "போயிட்டுதோ?" என்று கேட்பேன். "ஓம், போயிட்டுது," என்பார். முகத்தைத் துடைத்துக்கொண்டு உங்களிடம் வருவார். கதவைச் சாத்திவிட்டுத்தான் செய்தோம். பிள்ளைகள் கண்டால் வெட்கம் என்று, உங்கள் படத்தின் சத்தத்துக்குள் ஒளித்துச் செய்தோம். அந்தக் கதவு ஒருபோதும் முழுக்கச் சாத்துப்படாத கதவு என்று எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

படம் முடிந்ததும் நான் பிள்ளைகளுக்கு மேலால் கால்களைத் தூக்கி வைத்து முன்னுக்கு வந்தேன். நீ வயரைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாய். தயார் செய்துகொண்டு வந்த வசனம் எல்லாம் மறந்துவிட்டது.

"நான் அண்டைக்குப் பிழை விட்டுட்டன்," என்றேன்.

"இட்ஸ் ஓகே, அப்பா."

"ஓகே இல்லை. அதை ஓகே எண்டு சொல்லாதை. அஞ்சு கிழமை."

உன் வாய் ஒரு பக்கம் கோணியது. "முழுசா இருந்து பாத்தனீங்களா? ஓட்டாமல்?"

"கையைக் காலுக்குக் கீழ வச்சுக்கொண்டு இருந்தனான். கை விறைச்சுப் போச்சு," என்றேன். நீ சிரித்தாய். ஏழு மாதத்துக்குப் பிறகு உன் சிரிப்பைக் கேட்டேன். நெஞ்சின்மேல் யாரோ ஏறி இருந்துவிட்டு எழும்பிப் போன மாதிரி இருந்தது. அதற்குள் அம்மா வந்து, உன் சட்டை ஏன் கசங்கியிருக்கிறது என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அன்றைக்கே வீட்டுக்கு வந்தாய். இன்றைக்கு வரைக்கும் உன் அறை விளக்கு எரிகிறது.

அங்கே போய் நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடு. அம்மாவுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் எடு, எனக்கு ஒரு தரம் எடுத்தால் போதும். உன்னை யாராவது வேலை வெட்டி இல்லாத ஆள் என்றால், என் அப்பாவும் அப்படித்தான் சொன்னவர் என்று சொல். நீ விரும்பும் பெண்ணை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தால், எங்களுக்கு முன்னால் அவளுடைய கையைப் பிடி. நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போகமாட்டேன்.

இன்னும் ஒன்று. இதை மண்டபத்தில் சொல்ல முடியவில்லை, காரிலும் முடியவில்லை. அந்த வருடத்தைப் பற்றி எனக்கு இத்தனை காலமும் ஒரு பயம் இருந்தது. உங்கள் இருவருக்கும் நான் கொடுத்த வீடு அழுகையும் செய்தியும் நிறைந்த ஒரு வீடு, நீங்கள் வளர்ந்து போகும்போது அதைத்தான் சுமந்துகொண்டு போவீர்கள், அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்று. எத்தனையோ முறை அதை நினைத்து வேலையில் மேடையில் நின்றபடியே கலங்கியிருக்கிறேன். நீ அந்த வருடத்திலிருந்து ஒன்றை எடுத்து, அதை அஞ்சு கிழமை கையால் தொட்டுத் தொட்டுச் செய்திருக்கிறாய். நீ எடுத்தது அழுகையை இல்லை. மனிதன் கண்ணுக்குள் ஊதியதை எடுத்திருக்கிறாய். நாங்கள் உங்களுக்குக் காட்டாமல் விட்டதை நீ கண்டுவிட்டாய், தம்பி. கண்டது நல்லதாய்ப் போயிற்று.

அப்பா